பெட்டிக் கேமரா சேகரிக்கலாம்: 120 ரோல் போடும் எளிய கேமராக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் அலமாரியில் 23 கேமராக்கள் இருக்கின்றன. யாராவது எத்தனை என்று கேட்டால் 14 என்றுதான் சொல்வேன். மீதி ஒன்பதில் இன்னும் ஒரு ரோல்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடாத கேமரா என் கணக்கில் வராது.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் சேகரிப்பவர்கள் செய்யும் பாதித் தவறுகளிலிருந்து தப்பிக்கலாம். அழகாக இருக்கிறதே என்று வாங்கி அடுக்க மாட்டீர்கள். பிலிம் கிடைக்காத அளவுகளை எடுத்துவிட்டு முழிக்க மாட்டீர்கள். பழுதான கேமராவை 'சும்மா ஷோவுக்கு இருக்கட்டும்' என்று வீட்டுக்குள் விடமாட்டீர்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விதியை ஒட்டித்தான் போகிறது.

எந்தக் கேமராக்கள்?

ரோலெய்ஃப்ளெக்ஸ், ஹாஸல்பிளாட் எல்லாம் இதில் சேராது. அவை பணக்கார வீட்டு மாப்பிள்ளைகள். நான் சொல்வது இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்ட கேமராக்களை. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கண்ணாடி லென்ஸ், ஒரே ஒரு ஷட்டர் வேகம், ஃபோகஸ் செய்யும் வேலையே கிடையாது. வெயில் படம், மேகப் படம் போட்ட ஒரு சின்ன நெம்புகோல் இருந்தால் அது உயர்ரகம்!

இவ்வளவு எளிய கேமராவுக்கு ஏன் இவ்வளவு பெரிய பிலிம் என்று கேட்கத் தோன்றும். அன்றைக்குப் பல குடும்பங்கள் படத்தைப் பெரிதாக்கவே இல்லை. நெகட்டிவை அப்படியே பேப்பர் மேல் வைத்து வெளிச்சம் காட்டி எடுக்கும் கான்டாக்ட் பிரிண்ட்தான். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. பழைய ஆல்பங்களில் நான்கு மூலையிலும் கறுப்புக் காகித மூலை வைத்து ஒட்டிய, உள்ளங்கையில் அடங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் நிறைய இப்படி வந்தவை. நெகட்டிவ் சிறிதாக இருந்தால் முகமே தெரியாது. அதனால்தான் ஏழை கேமராவுக்கும் பெரிய பிலிம். 6×9 (செ.மீ.) நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். லென்ஸ் சுமாராக இருந்தாலும் அந்தப் பரப்பு காப்பாற்றிவிடும்.

1963-இல் கோடாக்கின் இன்ஸ்டமேட்டிக் வந்தது. கேசட்டைப் போட்டு மூடினால் போதும். ரோலைச் சுற்றுவது, நம்பர் பார்ப்பது, நாக்கால் நனைத்து ஒட்டுவது எல்லாம் ஒரே நாளில் பழசாகிப்போயின. நம் கேமராக்களின் காலம் அத்தோடு இறங்குமுகம்.

முதல் வேலை: பிலிம் அளவை முடிவு செய்யுங்கள்

கேமராவைத் தேர்ந்தெடுக்கும் முன் பிலிமைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பிராண்டைவிட உள்ளே எந்த ஸ்பூல் (பிலிம் சுற்றியிருக்கும் உருளை) போகும் என்பதுதான் முக்கியம்.

120 அளவு 1901-இல் கோடாக்கின் நம்பர் 2 பிரௌனி கேமராவுக்காக வந்தது. இன்றுவரை நிற்காமல் தயாராகிறது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், ஃபோமாபான், கோடாக் ட்ரை-எக்ஸ் எல்லாம் 120-இல் கிடைக்கின்றன. கலரில் கோடாக் கோல்ட் 200, 2022-இல் 120 அளவுக்குத் திரும்பி வந்தது. ஆன்லைனில் சொல்லி வைத்தால் நம் ஊருக்கும் வந்துவிடும்.

620 என்பது 1930-களின் தொடக்கத்தில் கோடாக் கொண்டுவந்த அளவு. பிலிமின் அகலமும் பின்னால் இருக்கும் காகிதமும் 120-உடையதேதான். ஸ்பூல் மட்டும் வேறு: நடுத்தண்டு மெலிது, ஓரத் தட்டும் சிறிது. கோடாக் 1995-இல் இதை நிறுத்திவிட்டது. நல்ல எளிய கேமராக்கள் பல 620-இல் இருப்பதுதான் வயிற்றெரிச்சல். 120 ரோலை இருட்டுப் பைக்குள் (வெளிச்சம் புகாத, கையை மட்டும் நுழைக்கும் பை) வைத்து 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் முதல் கேமராவிலேயே அந்தப் பாடு வேண்டாம்.

127, 116, 616 என்று எழுதியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் ஐந்து கேமராவும் 120 ஆகவே இருக்கட்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

நம் ஊரில் இருப்பவருக்கு என் பதில் ஒன்றே: ஆக்ஃபா கிளிக் 3. ஜெர்மன் ஆக்ஃபாவின் கிளிக் வரிசையைச் சேர்ந்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் இங்கேயே தயாரித்தது. 120 ரோலில் 6×6 அளவில் 12 படங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று தோன்றும் எடை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ படமெடுத்துப் பழகியிருந்தால் இதில் பழகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால்தான் வீட்டுப் பரண்களிலிருந்து இன்னமும் வந்துகொண்டே இருக்கிறது. விலை அதிகம் சொன்னால் வாங்காதீர்கள், இன்னொன்று வரும்.

அடுத்தது அதன் பெரியண்ணன், ஆக்ஃபா கிளாக். 1954 முதல் 1965 வரை மியூனிக்கில் தயாரானது. 6×9 அளவில் 8 படங்கள். ஒற்றைக் கண்ணாடி லென்ஸ், 95 மி.மீ., திறப்பு எஃப்/11. ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/30 நொடி, அதோடு 'பி' நிலை (அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்). ஒற்றை லென்ஸில் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் கலங்கியும் விழும் என்பது பழைய குறை. கிளாக்கைச் செய்தவர்கள் லென்ஸை மாற்றாமல் பிலிம் ஓடும் பாதையையே வளைத்துவிட்டார்கள். பின்பக்கம் திறந்து பார்த்தால் பிலிம் உட்காரும் இடம் பிறை மாதிரி வளைந்திருக்கும். செலவில்லாத புத்திசாலித்தனம். பிந்திய மாடல்களில் 1 முதல் 3 மீட்டர் தூரத்துக்கு கிட்டத்தில் எடுக்க உதவும் ஒரு கண்ணாடியும் உள்ளேயே உண்டு. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கிளாக்கைத்தான் வைத்துக்கொள்வேன்.

சோவியத் பக்கம் வந்தால் லெனின்கிராடில் செய்யப்பட்ட லுபிடெல் 2. இது சற்றுப் படித்த பிள்ளை. மூன்று கண்ணாடிகள் கொண்ட 75 மி.மீ. எஃப்/4.5 லென்ஸ், 1/15 முதல் 1/250 வரை வேகம், கையால் ஃபோகஸ். மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் வடிவம், போருக்கு முந்தைய ஃபோக்ட்லாண்டர் பிரில்லியன்ட் கேமராவைப் பார்த்துச் செய்தது. ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்புக் கண்ணாடி நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே. சூரிய வெளிச்சத்தில் அதில் எதையும் பார்க்க முடியாது என்பது என் தனிப்பட்ட புகார்.

620-க்குப் போகத் துணிந்த பிறகு கோடாக் பிரௌனி ஹாக்ஐ. 1949 முதல் 1961 வரை வந்த பேக்கலைட் (அந்தக் காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) கனசதுரம். பார்த்தாலே பிடித்துவிடும். பல ஹாக்ஐகளில் ஒரு சலுகை உண்டு: புது ரோல் உட்காரும் 'கொடுக்கும் பக்கம்' 120 ஸ்பூலையே அழுத்தி உட்கார வைத்து, பிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் 'வாங்கும் பக்கம்' மட்டும் 620 ஸ்பூல் போட்டால் ஓடிவிடும். எல்லாவற்றிலும் ஓடாது. வாங்கும் முன் ஒரு காலி 120 ஸ்பூலைக் கையில் கொண்டுபோய்ப் போட்டுச் சுற்றிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளியே வையுங்கள்: மடிக்கும் கேமராக்கள். குறிப்பாக ஆக்ஃபா ஐசொலெட். நல்ல கேமராதான். ஆனால் அதன் துருத்தி மூலைகளில் ஊசித் துளைகள் விழுவதும், லென்ஸ் மரையில் போட்ட பச்சை கிரீஸ் இறுகிக் கல்லாகி ஃபோகஸ் வளையம் திரும்பாமல் போவதும் ஊரறிந்த நோய்கள். அதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வது தனிப் படிப்பு.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனை

வீட்டுப் பரண், பழைய சாமான் கடை, மூடப்போகும் ஸ்டுடியோ, ஆன்லைன் என்று எங்கே பார்த்தாலும் சோதனை ஒன்றுதான். ஐந்து நிமிடம் போதும். இந்தக் கேமராக்களில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லாததால், இருப்பதை எல்லாம் கடையிலேயே பார்த்துவிடலாம். பேட்டரி கிடையாது, மின்சுற்று கிடையாது.

திறக்கும் முன் பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னலைப் பாருங்கள். எண் ஏதாவது தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. திறக்காதீர்கள்! திருச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் கிளிக் 3 ஒன்றை எடுத்தேன். ஜன்னலில் 9 தெரிந்தது. கடைக்காரர் 'ஓப்பன் பண்ணிப் பாருங்க சார்' என்று கையை நீட்டுகிறார். நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கடைசிவரை சுற்றி, வெளியே எடுத்து, டெவலப் செய்தேன். ஒன்பதில் ஏழு புகை மூட்டம். இரண்டு தேறின. ஒன்றில் ஒரு பையன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான், கேரியரில் அவன் தங்கை. அடுத்ததில் அதே சைக்கிள், பையனைக் காணோம், தங்கை அழுதுகொண்டிருக்கிறாள். இடையில் என்ன நடந்தது என்று என் வீட்டில் இன்றும் விவாதம் நடக்கிறது.

ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லையா, ஒரு தடவை சுற்றும் திருகைத் திருப்பிப் பாருங்கள். காகிதம் உரசும் இறுக்கம் இல்லாமல் லேசாகச் சுற்றினால் காலி. இப்போது திறக்கலாம்.

பின்மூடியைத் திறந்து வைத்து, கேமராவை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஷட்டரைப் பத்து முறை அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டுவது போல ஒரு வெள்ளை வட்டம் தோன்றி மறைய வேண்டும். சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் இரண்டு முறை இழுத்து, அப்புறம் சரியானால் உள்ளே பழைய எண்ணெயும் தூசியும் பிசின் ஆகியிருக்கின்றன. சுத்தம் செய்தால் போதும். அமுக்கியும் எதுவும் நகரவில்லை என்றால் ஸ்பிரிங் கழன்றிருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

லென்ஸைப் பார்க்கும்போது நேராகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களிலிருந்து வரும் கேமராக்களில் சகஜம். ஒற்றை லென்ஸ் கேமராவில் இது பெரிய விஷயமில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிடலாம். லுபிடெலின் மூன்று கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தால் யோசியுங்கள்.

அடுத்தது உடம்பு. பேக்கலைட்டின் எதிரி தரை. மூலைகளிலும் பூட்டு விழும் இடத்திலும் நகத்தால் தடவிப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தட்டும். தகர உடம்பில் துரு இருந்தால் உட்புறத் துருவைத்தான் கவனிக்க வேண்டும், உதிரும் தூள் பிலிம் மேல் விழுந்து கீறும். சிவப்பு ஜன்னலில் சிவப்புத் தாள் இருக்கிறதா, வெறும் ஓட்டையா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் இதை மறந்துதான் முதல் ஞாயிற்றுக்கிழமையே வீணாய்ப்போகும்: உள்ளே காலி ஸ்பூல் இருக்கிறதா? ரோல் பிலிம் ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொரு ஸ்பூலுக்குப் போகும். வாங்கும் பக்கம் காலி ஸ்பூல் இல்லாமல் படமே எடுக்க முடியாது. 120 ஸ்பூலை ஏதாவது லேபில் கேட்டால் சும்மா தருவார்கள். 620 உலோக ஸ்பூல் அப்படியில்லை, அது இருந்தால் கேமராவுக்கே ஒரு மவுசு. டெவலப் செய்யக் கொடுக்கும்போது '620 ஸ்பூலைத் திருப்பித் தாருங்கள்' என்று ரோல் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் தோல் உறையிலிருந்து கேமராவை வெளியே எடுங்கள், திரும்ப அதற்குள் வைக்காதீர்கள். நம் காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. உறை வேண்டுமென்றால் தனியே வையுங்கள்.

தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உடம்பை ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி லென்ஸுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், லென்ஸ் துடைக்கும் தாள். பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் ஈரத்துணி மட்டும். தின்னர், நகப் பூச்சு அகற்றும் திரவம் எதையும் பிளாஸ்டிக்கின் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம், பால் போல வெளுத்துவிடும். மேலிருந்து பார்க்கும் வியூஃபைண்டரின் உள்கண்ணாடியை அழுத்தித் துடைக்காதீர்கள். அதன் வெள்ளிப் பூச்சு முன்பக்கத்திலேயே இருந்தால் துணியோடு வந்துவிடும். தூசியை ஊதினால் போதும்.

ஷட்டருக்கு எண்ணெய் போடவே கூடாது. நான் போட்டேன். முதல் வருடம், முதல் கிளாக். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் தகட்டோடு தகடு ஒட்டிக்கொண்டு கண்ணே திறக்கவில்லை. இந்த ஷட்டர்கள் காய்ந்த நிலையில் ஓட வேண்டியவை. இழுக்கிறது என்றால் சிகரெட் லைட்டர் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்து, அமுக்கி அமுக்கி, காய விட்டு, மறுபடி தொட்டு வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

வெளிச்சக் கசிவுக்கு இருட்டறை சோதனை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, எரியும் சின்ன டார்ச் ஒன்றைக் கேமராவுக்குள் வைத்து மூடி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஜன்னல் ஒளிரும், அது இயல்பு. வேறு எங்காவது மின்மினி தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ரோல் போட்ட பிறகு கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

'பி' நிலை உள்ள கேமராவாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பின்பக்கம் திறந்து, பிலிம் உட்காரும் இடத்தில் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு எதிர்வீட்டை நோக்கிப் பிடியுங்கள். பேப்பரில் எதிர்வீடு தலைகீழாகத் தெரியும், மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி உட்பட. அது தெளிவாக இருந்தால் லென்ஸ் தன் இடத்தில் இருக்கிறது. லுபிடெலுக்கு இந்தச் சோதனை கட்டாயம். மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் பல்சக்கரத்தால் பிணைந்தவை. முன்பு யாராவது கழற்றிப் பல் மாற்றி மாட்டியிருந்தால் மேலே தெளிவாகத் தெரிவது பிலிமில் கலங்கி விழும். என் லுபிடெலில் மூன்று பல் தள்ளியிருந்தது. ஒரு ரோல் போன பிறகுதான் தெரிந்தது.

ரோல் போடுவது

நிழலில் போடுங்கள். புது ரோலின் ஒட்டுத்தாளைக் கிழித்து, கொடுக்கும் பக்கம் உட்கார வைத்து, காகித நுனியை இழுத்துக் காலி ஸ்பூலின் பிளவில் செருகுங்கள். காகிதத்தின் கறுப்புப் பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு சுற்று சுற்றி, காகிதம் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் நேராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். கோணலாகத் தொடங்கினால் கோணலாகவே முடியும்.

கிளாக்கில் அடியில் இருக்கும் பூட்டைத் திருப்பினால் பின்கூடு தனியே கழன்று வரும், உள்பாகம் முழுதும் கையில் இருக்கும். சௌகரியமான அமைப்பு.

மூடிய பிறகு சிவப்பு ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். புள்ளிகளோ அம்புகளோ வந்து எச்சரிக்கும், பிறகு 1 வரும். நிறுத்துங்கள். 120 காகிதத்தின் பின்னால் மூன்று வரிசை எண்கள் அச்சிட்டிருக்கும்: 6×9-க்கு 8 வரை, 6×6-க்கு 12 வரை, 6×4.5-க்கு 16 வரை. ஜன்னல் எந்த வரிசைக்கு நேரே இருக்கிறதோ அதுதான் உங்கள் கேமராவின் கணக்கு.

ஜன்னல் ஏன் சிவப்பு? அந்தக் காலப் பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, ஆகவே சிவப்பு ஜன்னல் வழி வரும் வெளிச்சம் பிலிமைக் கெடுக்காது. இன்றைய பிலிம் பெரும்பாலும் சிவப்பையும் பார்க்கும். வெறும் காகிதம்தான் காவல். அதனால் ஜன்னல் மேல் கறுப்பு டேப்பைக் கதவு மாதிரி ஒட்டி வையுங்கள். சுற்றும்போது மட்டும், அதுவும் உடம்பின் நிழலில், தூக்கிப் பாருங்கள்.

படம் எடுப்பது

வெயிலும் நிழலும் கணக்கு இதுதான். கிளாக்கை எடுத்துக்கொள்வோம்: எஃப்/11, 1/30. ஐஎஸ்ஓ (பிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) 100 உள்ள பிலிமுக்கு உச்சி வெயிலில் எஃப்/16, 1/100 போதும் என்பது பழைய பாடம். அப்படியானால் கிளாக் இரண்டரை ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதலாக (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பயப்பட வேண்டாம், கறுப்பு வெள்ளை நெகட்டிவும் கலர் நெகட்டிவும் இதைத் தாங்கும். அதே பிலிமைத் திண்ணை நிழலில், திறந்த வானம் தெரியும் இடத்தில் வைத்து எடுத்தால் கணக்கு ஏறத்தாழ மிகச் சரியாக உட்காரும். அதாவது 100 பிலிம் போட்டால் வெயில் முதல் திண்ணை வரை கவலையில்லை. மழைமேகம், சாயங்காலம் என்றால் 400. உச்சி வெயிலில் 400 வேண்டாம். சிலைடு பிலிம் எந்த நாளும் வேண்டாம், அது தவறை மன்னிக்காது.

1/30 நொடி என்பது கைக்கு மெதுவான வேகம். கேமராவை உடம்போடு அழுத்தி, மூச்சை விட்டு நிறுத்தி, நெம்புகோலை வெட்டி இழுக்காமல் மெல்ல அமுக்குங்கள். தூணோ மதிலோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள். ஆட்களிடமிருந்து மூன்று மீட்டர், சுமார் பத்தடி தள்ளி நில்லுங்கள். அதற்கு உள்ளே வந்தால் முகம் கலங்கும்.

எடுத்தவுடன் அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடுவது நல்ல பழக்கம். இந்தக் கேமராக்களில் பல, சுற்றாமலே மறுபடி அமுக்கினாலும் மறுப்புச் சொல்லாமல் படம் எடுக்கும். என் மாமியார் தலையில் கபாலீஸ்வரர் கோபுரம் முளைத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், ஆகவே முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது.

கடைசிப் படம் முடிந்ததும் காகிதம் முழுதும் போகும்வரை சுற்றி, நிழலில் திறந்து, ரோல் தளராமல் பிடித்து, ஒட்டுத்தாளை நனைத்து ஒட்டுங்கள். தளர்ந்த ரோலில் ஓரம் வழியாக வெளிச்சம் புகும்.

620 ஸ்பூலுக்கு மாற்றும் முறை

ஒரு வீணான ரோலை வைத்து வெளிச்சத்தில் நான்கு முறை பழகுங்கள். பிறகு இருட்டுப் பைக்குள். முதலில் 120 ரோலை ஒரு காலி ஸ்பூலில் சுற்றுங்கள். அதிலிருந்து 620 ஸ்பூலுக்கு மறுபடி சுற்றுங்கள். இரண்டு முறை சுற்றினால்தான் காகிதத்தின் தொடக்க நுனி வெளிப்பக்கம் வரும். இரண்டாம் சுற்றில் பிலிமின் ஒட்டாத நுனி முதலில் வரும், அதைக் காகிதத்தோடு நேராகச் சேர்த்து உள்ளே செலுத்த வேண்டும். முடிவில் பிலிம் காகிதத்தோடு டேப்பால் ஒட்டிய இடத்தில் ஒரு புடைப்பு வரும். அதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். டேப்பை மெல்ல உரித்து, பிலிமைத் தட்டையாக்கி, திரும்ப ஒட்டிச் சுற்றி முடியுங்கள். விரல் வியர்த்தால் பிலிமில் கறை விழும், ஆகவே மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள்.

டெவலப்

லேபில் கொடுப்பதானால் கேமராவின் அளவை எழுதிக் கொடுங்கள். ஒரு லேபில் என் 6×9 நெகட்டிவை 6×6 என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். எட்டுப் படத்தில் ஐந்து நடுவில் துண்டாகி வந்தன. 'வெட்ட வேண்டாம், சுருளாகவே தாருங்கள்' என்று சொல்வதே உத்தமம்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு டாங்க், இருட்டுப் பை, டெவலப்பர், ஃபிக்சர், தெர்மாமீட்டர். எச்பி5 பிளஸுக்கு டி-76 டெவலப்பர், தண்ணீர் சேர்த்து நீர்க்க விடாமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அந்த 20 டிகிரிதான் நம் பிரச்சினை. சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். பெரிய பேசினில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் பாட்டில்களை நிறுத்தி, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு தொடங்குங்கள். டெவலப்பர் 20-இலும் கழுவும் தண்ணீர் 32-இலும் இருந்தால் பிலிமின் மேற்பூச்சு அதிர்ச்சி தாங்காது.

இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கட்டும்: உதகை. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1960-இல் அங்கே நிறுவப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே தாளும் தயாரித்தது. இப்போது இல்லை. கேமராவோடு அதன் அட்டைப் பெட்டி ஏதாவது வந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சேகரிப்புதான்.

வைத்துக் காப்பது

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். மணிகள் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள். நாஃப்தலீன் உருண்டை வேண்டாம். லுபிடெலின் ஷட்டரை ஏற்றி வைத்தபடி விடாதீர்கள், ஸ்பிரிங் சோர்ந்துபோகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பத்துப் பத்து முறை அமுக்கி, காலை வெயில் படும் ஜன்னலோரம் சற்று நேரம் காற்றாட வையுங்கள்.

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். எங்கே வாங்கியது, என்ன சரிசெய்தது, எந்த ரோல் ஓடியது, அதில் என்ன தெரிந்தது. முதல் ரோல் முடிந்த அன்றே எழுதிவிட வேண்டும், மறந்துபோகும். திருச்சி கிளிக் 3-இன் அட்டையில் இப்போது இப்படி இருக்கிறது: 'ரோல் 1, எஃப்பி4, வெயில். 12-இல் 11 தேறின. 4, 5, 6-இல் கீழ் இடது மூலையில் வெள்ளைக் கீற்று. பூட்டுப் பக்கம் டேப் ஒட்டவும். ரோல் 2-இல் கீற்று இல்லை.'